ஜாஸ் யாருடைய இசை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பற்றி எழுதிய இரண்டு பக்கக் கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆம்ஸ்ட்ராங் வாழ்க்கை பற்றிக் கேட்டவர்களைவிட, அந்தக் காலத்து அமெரிக்காவில் ஜாஸ் எங்கே ஒலித்தது, யார் கேட்டார்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கும் அதில்தான் ஆர்வம்.

நட்சத்திர ஓட்டலில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும் இசைதானே ஜாஸ்? சாதாரண ஜனங்கள் உண்மையில் அதைக் கேட்டார்களா, இல்லை அது படித்தவர்களின் பொழுதுபோக்கா? (திருச்சி வாசகர்)

கேட்டது மட்டுமா, விடிய விடிய ஆடினார்கள். ஓட்டல் லாபி ஜாஸ் எல்லாம் பிற்பாடு வந்த சங்கதி. 1920களிலும் 30களிலும் இந்த இசைக்குச் சோறு போட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டுவேலை செய்த பெண்கள், ரயிலில் பெட்டி தூக்கியவர்கள், லிப்ட் இயக்கியவர்கள், இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த வாடகை விருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு மாநிலங்களின் பருத்திக்காடுகளையும் அங்கிருந்த கொடுமைகளையும் விட்டுவிட்டு, கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நகரத்தில் அவர்களுக்கு எல்லாத் தெருவிலும் வீடு தரமாட்டார்கள், தருகிற சில தெருக்களில் வீட்டுக்காரர் வைத்ததே வாடகை, சம்பளமோ அதே வேலை செய்கிற வெள்ளைக்காரருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. மாதம் பிறக்கும்போது வாடகைக்குப் பணம் துண்டு விழும். அப்போது என்ன செய்வார்கள் என்றால், ஒரு சின்ன அட்டையில் தேதி, முகவரி, இரண்டு வரி எதுகைப் பாட்டு எல்லாம் அச்சடித்துத் தெருவில் கொடுப்பார்கள். குறித்த நாளில் கூடத்திலிருக்கிற மேசை நாற்காலிகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பியானோவை மட்டும் விட்டுவைப்பார்கள். வாசலில் ஒருவர் நின்று ஆளுக்குக் கால் டாலர் போல வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார். சமையலறையில் பொரித்த மீன், கோழி, பன்றிக்கால், சோளரொட்டி, கூடவே மதுவிலக்குக் காலமென்பதால் வீட்டிலேயே கலந்த ஜின். இதையெல்லாம் விற்று வருகிற பணமும் வாசலில் சேர்ந்த பணமும்தான் அந்த மாத வாடகை.

விருந்துகள் பெரும்பாலும் சனிக்கிழமையும் வியாழக்கிழமையும் நடந்தன. சனிக்கிழமை கையில் சம்பளம் இருக்கும். வியாழக்கிழமை ஏன்? வெள்ளைக்காரர் வீடுகளிலேயே தங்கி வேலை செய்த பெண்களுக்கு வழக்கமாக விடுமுறை கிடைத்தது அன்றுதான். நகரத்தின் இசை நாளையே அவர்களுடைய விடுமுறை தீர்மானித்தது, இந்த ஒரு விஷயம் போதும், இது யாருடைய இசை என்று சொல்ல.

இந்தக் கூடங்களில் உட்கார்ந்து வாசித்தவர்கள் ஜேம்ஸ் பி. ஜான்சன், வில்லி 'தி லயன்' ஸ்மித், இளைஞரான ஃபாட்ஸ் வாலர். சின்னப் பெயர்கள் இல்லை இவை. முழு பேண்டு வைக்க இடமும் கிடையாது, காசும் கிடையாது, அதனால் ஒரே ஆள் பியானோவில் ஒரு பேண்டு செய்யும் வேலையைச் செய்தாக வேண்டும். இடது கை கீழே ஒரு தடித்த சுரத்தைத் தட்டிவிட்டு உடனே மேலே தாவி ஒரு கூட்டுச்சுரத்தை அழுத்தும், மறுபடி கீழே, மறுபடி மேலே, தாளம் விடாமல். வலது கை அந்த நேரம் முழுக்க மெட்டை எடுத்துக்கொண்டு விளையாடும். இந்த வாசிப்புக்கு ஸ்டிரைட் என்று பெயர். ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்து முன்னவரை மிஞ்சப் பார்ப்பார், இந்தப் போட்டி பொழுது விடியும்வரை நடக்கும். வாஷிங்டன் நகரத்தில் ஒரு பையன், ஜான்சன் வாசித்துத் துளையிட்ட காகிதச் சுருளைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டு, தானே அமுங்குகிற கட்டைகளின் மேல் விரல் வைத்துப் பழகினான். அவன்தான் டியூக் எலிங்டன்.

நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்தில் ஜாஸ் வாசித்து ஆடுவார்களாமே? இறந்தவருக்கு அது மரியாதையா? (நாகர்கோவில்)

ரொம்பப் பெரிய மரியாதை. பாண்டு இல்லாமல் அடக்கம் நடந்தால்தான் குடும்பத்துக்குக் குறை.

முறை இப்படி. தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகும்போது மெதுவான துதிப்பாட்டுகள் மட்டும், நடையும் மெதுவாக. பக்கவாட்டு டிரம்மின் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிட்டு அல்லது துணியைச் செருகி ஓசையை மழுக்கி வைப்பார்கள். அடக்கம் முடிந்தது, அல்லது சவவண்டி ஊர்வலத்தைப் பிரிந்து போய்விட்டது, அதன் பிறகு டிரம் கணீரென்று ஒலிக்கும், டிரம்பெட் மேலே ஏறும், திரும்பி வருகிற வழி முழுக்க ஆட்டம். பாண்டுக்கும் குடும்பத்துக்கும் பின்னால் தெரு ஜனங்கள் குடையும் கைக்குட்டையுமாக ஆடிக்கொண்டே வருவார்கள், அந்தக் கூட்டத்துக்கு 'இரண்டாம் வரிசை' என்று பெயர். இன்றைக்கும் அங்கே நடக்கிறது.

செலவு யாருடையது என்று கேட்டால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும். காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைச் சீண்டாத அல்லது ஏமாற்றிய காலத்தில், அவர்களே பரஸ்பர உதவிச் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். கையிலிருக்கிற சில்லறையைச் சந்தாவாகக் கட்டிவந்தால், நோய்வாய்ப்பட்டால் மருத்துவர் செலவு, செத்தால் அடக்கச் செலவு, அதில் பாண்டும் சேர்த்தி. பாண்டில் வாசித்தவர்களில் பலர் பகலில் சுருட்டு சுற்றுவது, சுவர் பூசுவது என்று வேறு வேலை பார்த்தவர்கள். சிறுவன் ஆம்ஸ்ட்ராங் அந்த இரண்டாம் வரிசையில் ஓடி ஓடித்தான் காதைப் பழக்கினார். பிழைப்புக்கு கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் நிலக்கரி விற்கப் போவார். வண்டியில் ஆள் கூட்ட ஒரு தகர ஊதுகுழல் ஊதுவார். பிறகு 1912 டிசம்பர் 31 இரவில் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டதற்காகச் சீர்திருத்த இல்லத்தில் போட்டார்கள், அங்கேதான் ஒழுங்காக கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ்.

முதல் ஜாஸ் ரெக்கார்டு எது? (சேலம்)

1917இல் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டு பதிவு செய்தது. ஐந்து பேரும் வெள்ளையர். இந்த இசையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான, கறுப்பினத்தவர் கிங் ஆலிவரின் பேண்டு பதிவுக்கூடத்துக்குள் போக 1923 ஆனது, அதில் இரண்டாவது கார்னெட் ஆம்ஸ்ட்ராங்.

காட்டன் கிளப்பில் கறுப்பர்கள் வாசிப்பார்கள், ஆனால் கறுப்பர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை. (யாழ்ப்பாணம்)

நம்புங்கள். ஹார்லெமில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்கு நடுவில், லெனாக்ஸ் அவென்யூவில் இருந்த கிளப் அது. மதுக்கடத்தல் கும்பல் தலைவன் ஓனி மேடன் நடத்தினான். மேடை அலங்காரமே அடிமைக் காலத்துத் தோட்டப் பங்களா போல இருக்கும். 1927 டிசம்பரில் டியூக் எலிங்டன் அங்கே வாசிக்கத் தொடங்கினார், வானொலி வழியாக நாடு முழுவதும் அவர் பெயர் பரவியதும் அங்கிருந்துதான். அவருடைய மேதைமையை ரசிக்க வந்த கூட்டத்தில் அவருடைய தெருக்காரருக்கு மேசை கிடையாது. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் ஆறுவதில்லை.

ஆனால் காட்டன் கிளப்பைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள், அதே சாலையில் நடந்து போகிற தூரத்தில் இருந்த சவாய் நடன அரங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதைப் பற்றித்தான் சொல்ல ஆசை. 1926 மார்ச்சில் திறந்தார்கள், 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் நடுவே ஒரு முழு வரிசையை அடைத்துக்கொண்டு மாடியில் இருந்தது. கட்டணம் கொடுத்தால் யாரும் போகலாம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடலாம், அந்தக் காலத்து அமெரிக்காவில் இது அதிசயம். இரண்டு மேடைகள், ஒரு பேண்டு ஓயும்போது மற்றது தொடங்கிவிடும், இசை நிற்கவே நிற்காது. மேப்பிள் மரத்தரை தேய்ந்து தேய்ந்து சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. வியாழக்கிழமை இரவுக்கு 'சமையலறை மெக்கானிக்குகளின் இரவு' என்று பெயர், அதே வீட்டுவேலைப் பெண்களுக்காக.

ஆடியவர்கள் வெறும் வாடிக்கையாளர்கள் என்று நினைக்காதீர்கள். லிண்டி ஹாப் என்ற ஆட்டம் அங்கே வளர்ந்தது, 1927இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்ததை வைத்து வந்த பெயர் என்று சொல்வார்கள். ஃபிராங்கி மேனிங் என்ற இளைஞர் 1930களின் நடுவில் ஜோடியை முதுகு வழியாகத் தூக்கிச் சுழற்றி இறக்குகிற அசைவைக் கொண்டுவந்தார். டிரம் வாசித்த சிக் வெப் மேடையிலிருந்து ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், ஆடுபவர் அவர் அடியைப் பிடித்து இன்னொன்று செய்வார். கச்சேரியில் ஆழ்ந்த ரசிகர் முன்வரிசையில் தாளம் போட்டு வித்வானை உசுப்புவாரே, அப்படி ஆயிரம் பேர் காலாலே தாளம் போட்டால் எப்படியிருக்கும்!

சிக் வெப் முதுகெலும்பு நோயால் கூன் விழுந்த, மிகக் குள்ளமான மனிதர், வலியோடுதான் வாழ்ந்தார். 1937 மே 11 அன்று நாட்டிலேயே பிரபலமான, வெள்ளையரான பென்னி குட்மேனின் பேண்டு சவாய்க்கு வந்து அவரோடு மோதியது. உள்ளே நாலாயிரம் பேர், இடமில்லாமல் தெருவில் நின்றவர்கள் அதைவிட அதிகம். அவரவர் மேடையிலிருந்து மாறி மாறி வாசித்ததில் ஜெயித்தது வெப் என்று கூட்டமே தீர்ப்புச் சொன்னது. குட்மேனின் டிரம்மர் ஜீன் குரூபா வெப்புக்குத் தலை வணங்கினார். வெப்பின் பேண்டில் அப்போது பாடிக்கொண்டிருந்தவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், இருபது வயது. வெப் 1939இல் இறந்தார், பேண்டை எல்லாவின் பெயரிலேயே சில காலம் நடத்தினார்கள்.

1943இல் ஒழுக்கக்கேடு என்று காரணம் சொல்லி அதிகாரிகள் சவாயைச் சில மாதம் மூடினார்கள். இரண்டு இனத்தவரும் சேர்ந்து ஆடியதுதான் உண்மைக் காரணம் என்று ஹார்லெம் மக்கள் சொன்னார்கள், நானும் அதைத்தான் நம்புகிறேன். 1958இல் நிரந்தரமாக மூடி, இடித்து, குடியிருப்பு கட்டினார்கள்.

கிராமத்து அமெரிக்கர்களுக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்தது? (தேனி)

முதலில் ரெக்கார்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்போலத்தான் இடம், ஆகவே எவ்வளவு பெரிய கற்பனையானாலும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். சிகாகோவிலிருந்து தெற்கே போன ரயில்களின் கறுப்பினப் பணியாளர்கள் செய்தித்தாளோடு ரெக்கார்டுகளையும் கொண்டுபோய் ஊர் ஊராக விற்றார்கள்.

அப்புறம் ரேடியோ. 1934 கடைசியில் தொடங்கிய ஒரு சனிக்கிழமை இரவு நடன நிகழ்ச்சியில் பென்னி குட்மேனின் பேண்டு கடைசியாக வாசிக்கும். நியூயார்க்கில் அப்போது நடுராத்திரி தாண்டிவிட்டிருக்கும், பலர் தூங்கியிருப்பார்கள். மேற்குக் கரையில் மணி மூன்று மணி நேரம் பின்னால், அங்கே இளைஞர்கள் விழித்திருந்து கேட்டார்கள். நிகழ்ச்சி நின்றுபோய், பேண்டு கார்களில் நாட்டைக் குறுக்கே கடந்து ஊர் ஊராகத் தோற்றுக்கொண்டே போய், 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பாலமார் அரங்கில் வாசித்தபோது கூட்டம் கத்தித் தீர்த்தது. அந்த இளைஞர்கள் ஏற்கெனவே வாரா வாரம் கேட்டுப் பழகியிருந்தார்கள். அன்று கூட்டத்தைக் கிளப்பிய இசையமைப்புகளில் பல ஃபிளெட்சர் ஹெண்டர்சன் எழுதியவை. அவர் கறுப்பினத்தவர், சொந்த பேண்டை நடத்தப் பணமில்லாமல் குட்மேனுக்கு எழுதிக்கொடுத்தவர். ஆடுவதற்காகப் பெரிய பேண்டுகள் வாசித்த இந்த ஜாஸுக்கு ஸ்விங் என்று பெயர், 'ஸ்விங்கின் அரசர்' என்ற பட்டம் குட்மேனுக்குப் போனது.

1930களின் பிற்பகுதியில் ஜூக்பாக்ஸும் வந்துவிட்டது, ஐந்து சென்ட் போட்டால் ஒரு பாட்டு, மருந்துக்கடையோடு சேர்ந்த சோடாக் கடையில்கூட இருக்கும்.

பேண்டுகள் ஊர் ஊராகப் போனபோது எங்கே தங்கினார்கள்? (கோவை வாசகி)

நல்ல கேள்வி, மேடையைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் இது விட்டுப்போகிறது. கறுப்பினக் கலைஞர்களுக்குப் பல ஊர்களில், தெற்கில் மட்டுமல்ல, ஓட்டல் அறை கிடைக்காது, உணவகத்தில் உட்கார முடியாது, பின்வாசலில் பொட்டலம் கிடைத்தால் உண்டு. கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில், விடுதி நடத்திய பெண்களின் வீடுகளில் தங்கினார்கள். யார் வீட்டில் இடம் உண்டு, எந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்தலாம் என்று தெரிந்துவைத்திருப்பது உயிர்ப் பிரச்சினை. ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிடத் தொடங்கினார், முப்பது ஆண்டு வந்தது. எலிங்டன் வசதி வந்த பிறகு தெற்குப் பயணங்களுக்குத் தூங்கும் ரயில்பெட்டிகளையே வாடகைக்கு எடுத்தார், போய் இறங்கிய ஊரில் பெட்டியிலேயே தங்கல், சாப்பாடு எல்லாம்.

1938இல் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே, ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் பேண்டில் பாடினார். நியூயார்க்கிலேயே ஒரு பெரிய ஓட்டலில், மேலே மேடையில் பாட வேண்டியவரைச் சரக்கு லிப்டில் போகச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பேண்டை விட்டுவிட்டார்.

இன்னொரு பேண்டு பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். மிசிசிப்பியில் பைனி உட்ஸ் என்ற ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி, நிதி திரட்ட 1937வாக்கில் தன் மாணவிகளை வைத்து ஒரு பேண்டு தொடங்கியது. இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். பிற்பாடு பள்ளியைப் பிரிந்து அந்தப் பெண்கள் தனியாகவே நாடு முழுக்க வாசித்தார்கள், படுக்கை வைத்த பஸ்ஸே வீடு. கறுப்பினம், லத்தீன், சீன வம்சாவளி எல்லாரும் இருந்தார்கள், சில வெள்ளைக்காரப் பெண்களும் சேர்ந்தார்கள். தெற்கில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பேண்டில் இருப்பது சட்டப்படி குற்றம், அதனால் அந்த வெள்ளைக்காரப் பெண்கள் முகத்தில் கருநிற ஒப்பனை பூசிக்கொண்டு மேடையேறினார்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஆண்களின் வாத்தியம் என்று நினைத்தவர்கள் நிறைந்த காலத்தில் இத்தனையும் செய்துகாட்டிய பெண்கள். வரலாற்றில் இவர்களுக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும்.

அப்படியென்றால் ஜனங்கள் ஏன் ஜாஸுக்கு ஆடுவதை நிறுத்தினார்கள்? (மதுரை)

ராக் அண்ட் ரோல் வந்து அழித்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், அது வருவதற்குப் பத்து வருடம் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலும் டயரும் பங்கீடு, பேண்டு பஸ் எப்படி ஓடும்? வாத்தியக்காரர்கள் ராணுவத்துக்குப் போனார்கள். 1942 ஆகஸ்டில் வாத்தியக் கலைஞர் சங்கம் ரெக்கார்டு நிறுவனங்களுக்கு எதிராகப் பதிவு வேலைநிறுத்தம் செய்தது, பெரிய நிறுவனங்களோடு சமாதானமாக 1944 கடைசி ஆகிவிட்டது. பாடகர்களுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை, அவர்கள் பின்னணிக் குரல்களை மட்டும் வைத்துப் பாடி வெளியிட்டார்கள், பேண்டைவிடப் பாடகர் பெரியவராகிவிட்டார்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி ஒரு வரி. 1944இல் மத்திய அரசு, ஆட்டமோ பாட்டோ நடக்கிற கேளிக்கை இடங்களின் பில்லில் 30 சதவீதம் வரி போட்டது, சீக்கிரமே 20 ஆகக் குறைத்தாலும் அது பல ஆண்டு நீடித்தது. வெறும் வாத்திய இசைக்கு வரி இல்லை. கிளப் முதலாளி என்ன செய்வார்? ஆடும் இடத்தில் மேசை போட்டு, 'ஆடாதீர்கள்' என்று பலகை மாட்டி, நாலைந்து பேர் வாசிக்கிற சின்னக் குழுவை வைத்துக்கொண்டார். அதே நேரத்தில் சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி போன்றவர்கள் உட்கார்ந்து கூர்ந்து கேட்க வேண்டிய, வேகமான பீபாப் இசையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அது மகத்தான இசை, அதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்கு ஆட நாற்பது பேரில் ஒருவரால்தான் முடியும். 1946 டிசம்பரில் ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, வுடி ஹெர்மன் உட்படப் பலர் சில வார இடைவெளியில் பேண்டுகளைக் கலைத்தார்கள். போரிலிருந்து திரும்பியவர்கள் கல்யாணம் செய்து புறநகர் வீடுகளுக்குப் போனார்கள், அங்கே தொலைக்காட்சி வந்துவிட்டது. ஆட விரும்பிய கறுப்பின இளைஞர்கள் லூயிஸ் ஜோர்டனின் சின்னக் குழுவுக்கும் ரிதம் அண்ட் புளூஸுக்கும் போனார்கள்.

இந்த ஜாஸ் மேதைகள் யாராவது நம் பக்கம் வந்திருக்கிறார்களா? (கொழும்பு)

உங்கள் ஊருக்கே வந்திருக்கிறார்கள். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் கலைஞர்களைத் தூதர்கள்போல அனுப்பியது. 1958இல் டேவ் புருபெக்கின் நால்வர் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. சென்னையில் அவர்களுடைய டிரம்மர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து, இருவரும் மாறி மாறி வாசித்துப் பார்த்தார்கள். 1963இல் எலிங்டனின் முழு பேண்டே சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தது. அவர்கள் துருக்கியில் இருந்தபோது அதிபர் கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்து, அந்தப் பயணம் பாதியில் நின்றது.

இதில் ஒன்று உண்டு. சொந்த ஊரில் சமமாக நடத்தப்படாதவர்களை, எங்கள் நாட்டின் சுதந்திரத்தைப் பாருங்கள் என்று காட்டுவதற்கு அனுப்பினார்கள். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் தடுத்தபோது, ஆம்ஸ்ட்ராங் ஒரு இளம் நிருபரிடம் அதிபர் ஐசன்ஹோவரையே கடுமையாகச் சாடி, அரசு சார்பில் ரஷ்யாவுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எப்போதும் சிரித்தபடி இருப்பார், அரசியல் பேசமாட்டார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் இந்த நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? எதைக் கேட்டாலும் பாதியில் விட்டுவிடுகிறேன். (பெங்களூரு)

1950க்குப் பிந்தியதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு பதிவு செய்தவை, பிறகு சிக் வெப் பேண்டில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடியவை, அதன் பிறகு கவுன்ட் பேஸியின் 1930களின் கடைசிப் பதிவுகள், எலிங்டனின் 1940, 41 பதிவுகள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான், பாதியில் விட நேரம் கிடைக்காது. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள், உட்கார வேண்டாம், வீட்டுவேலை செய்துகொண்டே கேளுங்கள். பேஸி பேண்டில் பியானோவைவிட்டு பாஸையும் டிரம்மின் தட்டையும் மட்டும் பின்தொடருங்கள், இரண்டாவது பாட்டில் கால் தானாகத் தட்டத் தொடங்கவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள், வேறு பட்டியல் தருகிறேன்.